கண் வைக்காத பாம்பு

பச்சை குத்துகிற தொழிலில் பாம்புக்குப் பஞ்சம் வந்ததே இல்லை.

தியாகுவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு சனிக்கிழமை காலை, டத்தோ கிராமாட்டில் என் கடைக்குக் கீழே, அஞ்சடி நடைபாதையில். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கால்சட்டையைத் தொடைவரை சுருட்டி வைத்துக்கொண்டு, "கண்ணு வச்சு விடுங்கண்ணே" என்றான். முடியாது என்றேன். அவன் கேட்டு நான் மறுத்தது அது இரண்டாவது முறை. கோபப்படாமல் சிரித்துக்கொண்டேதான் போனான்.

அவனுடைய ஒரு கால் போனதில் என் ஊசிக்குப் பங்கு உண்டா இல்லையா என்று இன்றுவரை யாரும் எனக்குத் தீர்த்துச் சொல்லவில்லை. அடுத்தவர் உடம்பில் கை வைத்துப் பிழைக்கிறவர்கள், முடி வெட்டுகிறவர், காது குத்துகிறவர், பல் பிடுங்குகிறவர், யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் இப்படி ஒரு ஆள் இருப்பான். அவனை நினைத்துக்கொண்டே படியுங்கள்.

பயந்துபோன பல்லி

எனக்கு யாரும் இந்த வேலையைச் சொல்லித் தரவில்லை. பழைய இயந்திரம் ஒன்றை வாங்கி, முதலில் வாழைப்பழத் தோலிலும் பிறகு என் சொந்தத் தொடையிலும் பழகினேன். என் முதல் பாம்புக்கு ஆசையோடு கண்ணை முதலில் வைத்தேன். அப்புறம் அதற்கேற்ற முகம் அமையவில்லை. என் மனைவி சரோஜா அதைப் பார்த்து, "இது என்ன, பயந்துபோன பல்லியா?" என்று கேட்டாள். கோயிலில் சிலைக்குக் கண் திறப்பது கடைசியில்தானே, நீயும் அப்படியே செய்யேன் என்றாள்.

அதிலிருந்து எங்கள் கடையில் ஒரு பழக்கம் வந்தது. பாம்பை முழுதாகக் குத்திவிட்டு, கண்ணை மட்டும் விட்டுவிடுவேன். மூன்று வாரம் கழித்துப் பொருக்கு உதிர்ந்து தோல் ஆறியதும் வாடிக்கையாளர் வர வேண்டும். அன்றைக்குத்தான் கண். சரோஜாவுக்கு அதில் ஒரு கணக்கு இருந்தது. புண் ஆறியதா என்று காட்டச் சொன்னால் யாரும் வர மாட்டார்கள், கண் வைக்கிறேன் என்றால் ஓடி வருவார்கள்.

மாடிப்படி முடிகிற இடத்தில் நாற்காலி போட்டு அவள்தான் உட்கார்ந்திருப்பாள். வருகிறவர் செருப்பைக் கழற்றும்போதே பாதத்தைப் பார்த்துவிடுவாள். "மாத்திரை ஏதாச்சும் சாப்பிடுறியா? காலையில என்ன சாப்பிட்ட? இனிப்புநீர் இருக்கா?" என்று மூன்று கேள்வி. அவளுக்கே இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய், இருந்தது. கடைசி இரண்டு வருஷம் அவள் கால் புண்ணுக்கு நான்தான் தினமும் கட்டுப் போட்டேன். அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு அந்த மூன்று கேள்வியை ஒரு தாளில் அச்சடித்து, கையெழுத்துப் போடச் சொல்லிவிட்டேன். நாற்காலியில் டிஷ்யூப் பெட்டிகளை அடுக்கினேன்.

கண் வைக்கும் யோசனையை அவள் சொன்ன அன்று நான், வராமலே போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். அவள் சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கிறது: "குருட்டுப் பாம்ப வச்சிக்கிட்டு எவன் ஊரைச் சுத்துவான்? வருவாங்க, நீங்க சும்மா இருங்க."

நல்ல பாம்பு

வங்கியில் வேலை செய்யும் பெண் ஒருத்தி வாட்ஸ்அப்பில் கேட்டாள்: "அங்கிள், கணுக்கால்ல நல்ல பாம்பா ஒன்னு போடணும்." நல்ல பாம்பு என்றால் எனக்குத் தெரிந்தது படம் எடுத்து நிற்கும் நாகம்தான். இரண்டு நாள் உட்கார்ந்து வரைந்தேன். படத்தின் பின்பக்கத்துக் கோடுகள் கூடத் தெளிவாக விழுந்திருந்தன. அவள் வந்ததும் அச்சுத்தாளை ஈரமாக்கிக் காலில் ஒட்டி எடுத்தேன். கண்ணாடியில் பார்த்தவள் அலறிவிட்டாள். அவள் வீட்டில் நாகம்மாவுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் பால் வைக்கிறவர்கள். கும்பிடுகிற தெய்வத்தைக் காலில் போட்டுக்கொண்டு அவள் எப்படி வீட்டுக்குள் நுழைவாள்?

நல்ல வேளை, ஊசி இன்னும் படவில்லை. ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, கொடி மாதிரி ஒற்றைக் கோட்டில் ஒரு சின்னப் பாம்பு போட்டேன். இப்போதைய பிள்ளைகளுக்கு அந்த மெல்லிய கோடுதான் பிடிக்கிறது. ஆனால் அன்றோடு ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். நம் ஆட்களுக்கு இடுப்புக்குக் கீழே படம் எடுத்த பாம்பு கிடையாது. காலில்தான் வேண்டும் என்றால் மலைப்பாம்பு. அந்தப் பெண் போகும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நல்ல பாம்புன்னா நாகமா? நான் நைஸா ஒரு பாம்புன்னுல்ல நெனச்சேன், அங்கிள்!"

தலை எந்தப் பக்கம்

பாம்பு வருஷத்தில் பிறந்த சீனர் ஒருவர், ஆணி, பூட்டு விற்கும் கடைக்காரர், தோளிலிருந்து மணிக்கட்டுவரை பூக்களுக்கு நடுவே பாம்பு கேட்டார். ஜப்பான்காரர்கள் பாணி. செதில் செதிலாக நிழல் போட வேண்டும், நான்கைந்து தடவை உட்கார வேண்டும். கை வளைவுக்கு அழகாக இருக்கும் என்று தலையை மணிக்கட்டுப் பக்கம் வரைந்திருந்தேன். மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை. முழுப் படத்தையும் திருப்பி வரைய வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு எல்லோரையும் கேட்பேன், உள்ளே வருகிற பாம்பா, வெளியே போகிற பாம்பா என்று. ராகு கேது என்று ஒருவர் சொல்வார், பழைய சினேகிதியை மறக்க என்று ஒருவர் சொல்வார், சும்மா அழகுக்கு என்று ஒருவர். அர்த்தம் அவரவர் கொண்டுவருவது, தலை எந்தப் பக்கம் என்பது மட்டும் என் பொறுப்பு. அதைச் சொல்லித் தந்த அந்தச் சீனர், தலையைக் கெப்பாலா என்று, தமிழும் மலாயும் கலந்து போட்ட சத்தம் இது: "கெப்பாலா உள்ள பாக்கணும் லா, போஸ்! வெளிய பாத்தா என் அதிர்ஷ்டமும் வெளிய ஓடிடும்!"

மெடிக்கல் பாஸ்

தியாகு வந்தபோது அவனுக்கு முப்பத்தெட்டு வயது. சிம்பாங் அம்பாட்டில் வீடு. தொழிற்சாலைச் சாமான்களை லோரியில் ஏற்றிக்கொண்டு ஜோகூர்வரை போகிறவன். வலது தொடையில் வால் தொடங்கி, முட்டியைச் சுற்றி, கெண்டைக்கால் வழியாக இறங்கி, பாதத்தின் மேல் தலை வைத்துப் படுத்திருக்க வேண்டும் என்றான். மலைப்பாம்புதான் போடுவேன் என்றேன். சரி என்றான். உள்ளே வருகிறதா வெளியே போகிறதா என்று கேட்டேன். "வெளிய போவுதுண்ணே. உடம்புல இருக்குற சனியன் எல்லாம் அந்தக் கால் வழியா இறங்கிப் போவட்டும்." என்ன சனியன் என்றதற்கு, "முதலாளி, மாமியா, பாலத்து ஜாம்" என்று சிரித்தான்.

தாளை நீட்டினேன். இனிப்புநீர் என்ற வரிசையில் 'இல்லை' என்ற கட்டத்தில் ஒரு கோடு கிழித்துக் கையெழுத்துப் போட்டான். நான் படம் அளவெடுத்த ஒரு மணி நேரத்தில் இரண்டு முறை கழிவறைக்குப் போனான். ஒரு பெரிய தண்ணீர்ப் போத்தலைக் காலி செய்தான். அத்தனையும் என் கண் முன்னால்தான் நடந்தது. என் கவனம் அவன் கெண்டைக்காலின் வளைவில் இருந்தது. "உடம்புக்கு ஒன்னும் இல்லையே?" என்று மட்டும் கேட்டேன். இல்லை என்ற பதிலை எதிர்பார்த்துக் கேட்கிற கேள்வி அது.

அவன் தொடையைத் தட்டிக் காட்டினான். "நான் லோரிக்காரன்ணே. வருஷா வருஷம் மெடிக்கல் பாஸ் பண்ணாத்தான் பெடல்ல காலையே வைக்க முடியும்."

ஒற்றைச் சிலிப்பர்

முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் ஊசி ஓடும்போது எப்பேர்ப்பட்டவனும் பல்லைக் கடிப்பான். கெட்ட வார்த்தை வரும், கைப்பிடி ஆடும். பாதம் இன்னும் மோசம். தியாகுவுக்கு ஒன்றும் ஆகவில்லை. தொடையில் குத்தியபோது கொஞ்சம் நெளிந்தான். கீழே இறங்க இறங்க அமைதியாகிவிட்டான். பாதத்தில் தலையைக் குத்திய மூன்றாவது நாள், ஊசி ஓடிக்கொண்டிருக்கும்போதே குறட்டை விட்டான்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடையின் முன்பாதியில் மூக்கும் காதும் குத்துகிற விமலாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அடுத்து வந்த பையன் ஒருவன் ஊசியைப் பார்த்து எழுந்து ஓடப் பார்த்தபோது தியாகுவை உதாரணம் சொன்னேன். அப்படி ஒரு ஆளை நான் பார்த்ததே இல்லை என்று சொன்னதாக ஞாபகம்.

அன்றைக்கு அவன் கிளம்பிப் போன பிறகு பார்த்தால், வலது கால் சிலிப்பர் என் நாற்காலிக்கு அடியில் கிடந்தது. ஜன்னலைத் திறந்து கத்தினேன். அவன் அதற்குள் படியிறங்கி, சாலையைக் கடந்து, எதிர்ப்பக்கம் நின்றிருந்தான். உச்சி வெயில். தார் இளகிப்போய் இருக்கும். கட்டுப் போட்ட பாதத்தோடு அதன் மேல் நின்றுகொண்டு, குனிந்து தன் காலை வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்தான். நானும் சிரித்தேன், கீழே இருந்த சாப்பாட்டுக் கடைக்காரரும் சிரித்தார். விமலா மட்டும் சிரிக்கவில்லை. நான் சிலிப்பரை வீச, அவன் பிடித்துக்கொண்டு மேலே பார்த்துச் சொன்னான்: "அட, கழண்டதே தெரியலையேண்ணே!"

காலுறை

மூன்று வாரம் முடிந்தது. ஆள் வரவில்லை. போன் செய்தேன். ஜோகூரில் இருக்கிறேன் என்றான். அடுத்த வாரமும் ஜோகூர்தான். ஐந்தாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வந்தான். அந்தப் புழுக்கத்தில் சிலிப்பருக்குப் பதிலாகச் சப்பாத்தும் தடித்த புதுக் காலுறையும் போட்டிருந்தான். மாடி ஏறி வந்தபோதே எனக்கு ஒரு வாசனை அடித்தது. அது எனக்கு வீட்டில் இரண்டு வருஷம் பழகிய வாசனை.

வலது சப்பாத்தைக் கழற்றிக் காலுறையை நான்தான் உருவினேன். பாம்பின் தலை இருந்த இடம் ஈரமாகக் கசிந்துகொண்டிருந்தது. செதில்கள் கலைந்துபோயிருந்தன. சுண்டுவிரல் கறுத்திருந்தது. தியாகு அதைப் பார்க்கவே இல்லை. என் மைக்கிண்ணங்களைப் பார்த்துக்கொண்டு, "கண்ணு வைங்கண்ணே, கிளம்பணும்" என்றான். இந்தக் காலில் ஊசி வைக்க முடியாது என்றேன். "ஒரு புள்ளிதானேண்ணே" என்றான்.

அப்போதுதான், எல்லாம் முடிந்த பிறகு, சரோஜாவின் கேள்வியை என் வாயால் கேட்டேன். "தியாகு, இனிப்புநீர் இருக்கா?"

உருவிப்போட்ட காலுறையை எடுத்துச் சுருட்டினான். "நாலு வருஷமா" என்றான். மெடிக்கலுக்கு முந்தின மாதம் மட்டும் மாத்திரை போடுவானாம். வெளியே தெரிந்தால் லோரியிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று பயம். வீட்டில் மனைவிக்குக் கூட அவன் காலைக் காட்டவில்லை. நான் கார் சாவியை எடுத்தேன், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். அவன் எழுந்து சப்பாத்தைத் தேடினான். விமலா சப்பாத்தைத் தன் மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, படியை மறைத்துக்கொண்டு நின்றாள். அவளைத் தாண்டிப் போக அவனுக்கு மனம் வரவில்லை. என் பக்கம் திரும்பினான்.

"கண்ண மட்டும் வச்சு விடுங்கண்ணே, அப்புறம் எங்க கூப்பிட்டாலும் வாரேன்."

சிவப்பு விளக்கு

எப்படியோ காரில் ஏற்றிவிட்டேன். ஆஸ்பத்திரி பத்து நிமிஷ தூரம்தான். வழியில் அவன் போன் இரண்டு முறை அடித்தது, முதலாளி. எடுக்கவில்லை. சிவப்பு விளக்கில் நின்றபோது கதவைத் திறந்து இறங்கிவிட்டான். மூன்று வரிசை வண்டிகளுக்கு நடுவில், வலது காலில் சப்பாத்தும் இல்லாமல், வந்த வழியே நடக்க ஆரம்பித்தான். நான் காரை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். பின்னால் அத்தனை பேரும் ஹார்ன் அடித்தார்கள். தார்ச்சாலையில் அவன் வலது காலடி ஒவ்வொன்றும் ஈரமாகப் பதிந்திருந்தது. அந்தச் சூட்டிலும் உடனே காயவில்லை.

கையைப் பிடித்தேன், உதறினான். என்னைவிட இருமடங்கு உடம்பு அவனுக்கு. புத்தி சொல்லி நிறுத்த முடியாது என்று தெரிந்தது. ஆகவே பொய் சொன்னேன். "வா தியாகு. டாக்டர் பாத்த உடனே ஆஸ்பத்திரியிலேயே கண்ணு வைக்கிறேன். ஊசிப் பை கார்லதான் இருக்கு."

காரில் பையும் இல்லை, ஊசியும் இல்லை. அவன் என் முகத்தையே பார்த்தான். விளக்கு பச்சையாகி மறுபடி சிவப்பாகிவிட்டது. பிறகு என் தோளில் கை போட்டு, நொண்டாமல், சாதாரணமாக நடந்து வந்தான். அந்தக் காலோடு ஒரு மனிதன் நொண்டாமல் நடந்தது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. கதவைச் சாத்தும்போது கேட்டான்: "அண்ணன் சொன்ன வார்த்தை மாற மாட்டீங்கல்ல?"

டாக்டரின் கேள்வி

பார்த்தவர் இளம் மலாய் டாக்டர், பெண். பாதத்தைத் திருப்பிப் பார்த்ததும் குதிகாலுக்குப் பக்கத்தில் ஓர் ஆணித்துண்டு இருந்தது. துருப்பிடித்து உள்ளே புதைந்திருந்தது. எப்போது ஏறியது என்று தியாகுவுக்குத் தெரியவில்லை. என் ஊசிக்கு முன்பா, பின்பா என்றும் தெரியவில்லை. அவனை உள்ளே தள்ளிக்கொண்டு போன பிறகு டாக்டரிடம் கேட்டேன், இது ஊசியால் வந்ததா ஆணியால் வந்ததா என்று. மேலேயும் திறந்திருக்கிறது, கீழேயும் திறந்திருக்கிறது, எது எந்த வழியாகப் போனது என்று இப்போது சொல்ல முடியாது என்றார்.

பிறகு அவர் கேட்டார், குத்தும்போது இவர் கத்தவில்லையா என்று. இல்லை, தூங்கினார் என்றேன். நல்ல தைரியசாலி என்றும் சேர்த்துச் சொன்னேன். சொல்லி முடிக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. கழன்ற சிலிப்பரும் இளகிய தாரும் ஞாபகத்துக்கு வந்தன. அவர் பேனாவைக் கீழே வைத்தார். திட்டவில்லை. மலாயில், பெரியவர்களை அழைக்கிற சொல்லால் அழைத்து, மெதுவாக, ஒரு பிள்ளை தகப்பனிடம் பேசுவதுபோலச் சொன்னார்: "பாக்சிக், அவர் கத்தாத இடத்தில்தான் நீங்கள் நிறுத்தியிருக்க வேண்டும்."

மறுநாள் முட்டிக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

தாளும் வாயும்

நாலாம் நாள் தியாகுவின் மனைவி செல்வி கடைக்கு வந்தாள். தொழிற்சாலைச் சீருடையோடு, வேலை முடிந்து நேராக வந்திருந்தாள். விமலா திரைக்குப் பின்னால் போய்விட்டாள். நான் என்னென்னவோ சொல்லத் தயாராக வைத்திருந்தேன். அவள் உட்காரக் கூட இல்லை. "அவரு கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டுங்க" என்றாள். போலீசுக்குத்தான் போகப் போகிறாள் என்று நினைத்து எடுத்துக் கொடுத்தேன்.

'இல்லை' கட்டத்தில் இருந்த கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள். "எனக்கும் இப்படித்தான் கோடு கிழிச்சாரு" என்றாள். கடைக்கு வந்த அன்றைக்குக் காலையில் அவன் கதவைச் சாத்திக்கொண்டு காலைக் கழுவி, புதுக் காலுறை போட்டுக்கொண்டு வந்தானாம். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் உயிரே போயிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். "கண்ணு வைக்கணும்னுதான் இங்க வந்தாரு. இல்லன்னா யாருக்கும் காட்டியிருக்க மாட்டாரு."

எனக்கு நாலு நாளில் முதல்முறையாக மூச்சு சரியாக வந்தது. டிஷ்யூப் பெட்டிகள் அடுக்கியிருந்த சரோஜாவின் நாற்காலியைப் பார்த்தேன். செல்வி தாளை மடிக்காமல் மேசையில் வைத்துவிட்டு, படிக்கட்டு வரை போய்த் திரும்பினாள்.

"ஆனா இதத் தாள்ல கேக்காம வாயால ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேண்ணே."

பாம்புச் சட்டை

எட்டு மாதம் கழித்து அவன் வந்தான். அதுதான் நான் முதலில் சொன்ன சனிக்கிழமை. மாடி ஏற முடியாது என்று கீழே நின்று என் பெயரைச் சொல்லிக் கத்தினான். நான் இறங்கி வருவதற்குள் விமலா நாற்காலி போட்டுவிட்டாள். லோரி லைசென்ஸ் போய்விட்டது. ஆனால் அவன் பயந்ததுபோல முதலாளி துரத்தவில்லை. அலுவலகத்தில் உட்காரவைத்து, எந்த லோரி எந்த வழியில் போக வேண்டும் என்று போனில் சொல்லுகிற வேலை கொடுத்திருந்தான். "இத மொதல்லயே சொல்லித் தொலைச்சிருந்தா கால் மிஞ்சியிருக்கும்" என்றான்.

கால்சட்டையைச் சுருட்டிக் காட்டினான். தொடையில் வால் அப்படியே இருந்தது. முட்டியைச் சுற்றிய சுருள் இருந்தது. அதற்குக் கீழே தையல் தழும்பு. "பாம்பு போயிருச்சுண்ணே, சட்டைய மட்டும் கழட்டிப் போட்டுட்டு" என்றான். அவனிடம் ஒரு திட்டம் இருந்தது. தொடையில் வால் முடிகிற இடத்தைத் தலையாக மாற்றிவிட்டால் பாம்பு மேலே பார்க்கும். "போறது எல்லாம் போச்சு. இனிமே உள்ள வரட்டும்."

எனக்கும் அது பிடித்திருந்தது. தோலில் வரைகிற ஊதா நிறப் பேனாவால், அச்சு எதுவும் இல்லாமல், நேராக அவன் தொடையிலேயே ஒரு தலையை வரைந்து காட்டினேன். அதன் மேல் மெல்லிய தாளை வைத்து நகல் எடுத்துக்கொண்டேன். தாளில் பழக்கதோஷத்தில் கண்ணையும் வைத்துவிட்டேன். தோலில் வைக்கவில்லை. விமலாவின் கைக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, "கண்ணு வச்சு விடுங்கண்ணே" என்றான். "ஆஸ்பத்திரியிலேயே வைக்கிறேன்னீங்க."

பேனாவை மூடிப் பையில் வைத்தேன். பிறகு சொன்னேன், முதலில் சுகர் கட்டுக்குள் இருக்கிறது என்று டாக்டரிடம் லெட்டர் வாங்கி வா, லெட்டர் இல்லாமல் ஊசியைத் தொட மாட்டேன் என்று. அவன் ஊன்றுகோலை எடுத்து நிமிர்ந்தான். அஞ்சடி முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்தான். "முன்ன ஒரு வார்த்த கேக்கல, இப்ப லெட்டரே கேக்குறீங்க. நல்லா இருக்குண்ணே உங்க கடை!"

பேனாக் கோடு

மூன்று வாரம் ஆனது. கண் வைக்கிற கணக்குக்குச் சரியாக மூன்று வாரம். செல்வியின் தம்பி போன் செய்தார். மாரடைப்பு, அலுவலக நாற்காலியிலேயே முடிந்துவிட்டது என்றார்.

சிம்பாங் அம்பாட் போய்ச் சேர்ந்தபோது குளிப்பாட்டத் தயாராக இருந்தார்கள். ஆள் போதவில்லை, பிடிங்கண்ணே என்றார்கள். வலது பக்கம் எனக்கு வந்தது. துணியை விலக்கும்போது தொடையைப் பார்த்தேன். தோல் பேனாவின் மை நாலு நாள்கூடத் தாங்காது. ஆனால் தலை அங்கே இருந்தது. ஊதா இல்லை, நீலம். சாதாரணப் பந்துமுனைப் பேனாவின் நீலம். நான் வரைந்த கோட்டின் மேலேயே யாரோ திரும்பத் திரும்ப இழுத்திருந்தார்கள். தாடைப் பக்கம் கொஞ்சம் கோணிப்போய், தடித்துப்போய் இருந்தது. கண் இருக்க வேண்டிய இடம் வெறும் தோலாக இருந்தது. தண்ணீர் ஊற்றியபோது நீலம் கரைந்து ஓடியது.

எல்லாம் முடிந்த பிறகு செல்வியிடம் கேட்டேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டு, கோபமும் சிரிப்புமாகச் சொன்னாள்: "குளிச்சா அழியுது, அழிஞ்சா பேனாவ எடுத்துக்கிட்டு உக்காந்துருவாரு. லெட்டர் வர்றவரைக்கும் தலை காணாமப் போவக் கூடாதாம். கண்ணையும் நீங்களே வச்சிக்க வேண்டியதுதானேன்னு கேட்டா, அது அண்ணன் வேலைம்பாரு."

இப்போது டிஷ்யூப் பெட்டிகளை இறக்கிவிட்டு சரோஜாவின் நாற்காலியில் நானே உட்கார்ந்து மூன்று கேள்வியையும் வாயால் கேட்கிறேன், ஊசி பட்டதும் ஊரைக் கூட்டுகிற வாடிக்கையாளரைக் கும்பிடாத குறையாக வரவேற்கிறேன், கத்தாத தியாகுவின் பாம்பு ஒரு மெல்லிய தாளில் என் கோப்புக்குள் இருக்கிறது, அதற்குக் கண் இருக்கிறது.